தலைநகரம் பார்த்த ஆண்டெனா

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தனக்கு ஒன்றும் தெரியாது என்பது.

அன்றைக்குச் சாயங்காலம் என் தங்கை முதல்முறையாக டிவியில் பாடப்போகிறாள். ஒரே ஒரு பாட்டு, நேரடி ஒளிபரப்பு, விட்டால் போச்சு. அந்த நாள் பார்த்து ஆண்டெனா காற்றில் திரும்பிக்கொண்டது. திரை முழுக்கப் புள்ளி. தெருவிலுள்ள மற்ற ஆண்டெனாக்களெல்லாம் மேற்கே, குன்றின்மேல் நிற்கும் டிவி டவரைப் பார்த்தபடி இருந்தன. இவர் மொட்டைமாடிக்கு ஏறி எங்களுடையதைக் கிழக்கே திருப்பினார்.

"டவர் அந்தப் பக்கம்ங்க" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"உன் தங்கச்சி எங்க பாடுறா? தலைநகரத்துல. தலைநகரம் எங்க இருக்கு? கிழக்க. மூளைன்னு ஒண்ணு இருந்தா யோசிச்சுப் பாரு."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இவரை விட்டால் ஆளில்லை. எதிர்வீட்டு டெய்லரக்கா பொறுக்கமாட்டாமல், "அண்ணே, எங்களுது எப்படி இருக்குன்னு பாத்து அப்படியே வைங்களேன்" என்றாள்.

"நீங்கல்லாம் ஆட்டு மந்தைம்மா. ஒண்ணு போற பக்கம் எல்லாம் போகும்."

அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று.

"தெரியுதா?" என்று மாடியிலிருந்து கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"இல்ல."

"அப்ப டிவிதான் கோளாறு. உங்கப்பா வாங்கிக் குடுத்ததாச்சே!"

அதற்குள் டெய்லரக்கா தன் வீட்டு வாசலில் நின்று, வா வா என்று கையை ஆட்டினாள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவள் வீட்டுத் திரையில் என் தங்கை, பளிச்சென்று. முதல் அடியில் குரல் லேசாக நடுங்கியது. இரண்டாவது அடியில் நிமிர்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப தெரியுதாடி?" என்று மாடியிலிருந்து சத்தம்.

டெய்லரக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் வீட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தெரியுதுங்க! கண்ணாடி மாதிரி தெரியுது!" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத மனுஷனுக்குப் பெண்டாட்டி குரல் வரும் பக்கம் மட்டும் தெரிந்துவிடுமா?

"நான் சொன்னேன்ல!" என்றவர், கிழக்கே பார்த்த ஆண்டெனாவின் நட்டை ஸ்பேனரால் பலங்கொண்ட மட்டும் இறுக்கினார்.