ஒன்பது வாழ்த்துரையும் ஒரு நன்றியுரையும்

பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியதால் தீர்த்தாவுக்கு நேர்ந்த முதல் கெடுதல், அவள் முகம் ஊருக்குள் பதினோரு ஃப்ளெக்ஸில் ஏறியதுதான். வார்டு மெம்பர் சுகதன் வைத்தது ஒன்று. அடுத்த தேர்தலில் சுகதனைக் கவிழ்க்கக் காத்திருப்பவர் வைத்தது, அதைவிட இரண்டடி உயரமாக, ஒன்று. அப்புறம் வாசகசாலை, கூட்டுறவு வங்கி, ஆட்டோத் தொழிலாளர் சங்கம். எல்லாவற்றிலும் வீட்டுப் பெயர், அப்பா அம்மா பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர். டியூஷன் சென்டர்காரருக்கு இன்னும் தாராள மனசு. 'எங்கள் காலை ஆறே முக்கால் பேட்சின் முத்து' என்று நேரத்தையும் போட்டுவிட்டார்.

இரண்டாவது கெடுதல் இன்ஸ்டாகிராமில் வந்தது. 'தெக்கேவிளை பிரசன்னன் சேட்டனோட மகள்தானே?' என்று ஆரம்பித்தான் ஒருவன். வீடு தெரிகிறது, பேட்ச் நேரமும் தெரிகிறது, ஊர்ப் பையன்தான் போலிருக்கிறது என்று மூன்று வாரம் பேசினாள். ஓணப் புடவையில் எடுத்த படத்தைக் கேட்டான், அனுப்பினாள். நேற்று அந்த முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டித் திருப்பி அனுப்பியிருந்தான். நாளை மாலை ஆறு மணிக்குள் அவன் சொல்கிற மாதிரி இன்னொரு படம் வர வேண்டும். வராவிட்டால் இது அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்ட் குரூப்புக்குப் போகும்.

அந்த நாளை, இன்றைக்கு விடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் பஞ்சாயத்து ஹாலில், தங்கள் வார்டை 'இணையப் பாதுகாப்பு வார்டு' என்று பிரகடனம் செய்கிறார் சுகதன். நன்றியுரை தீர்த்தாவுக்கு. மேடையின் பின்னால் பன்னிரண்டாவது ஃப்ளெக்ஸ்: வார்டில் நல்ல மார்க் வாங்கிய பதினான்கு பிள்ளைகளின் படம், விலாசம், கூப்பிட்டு வாழ்த்த வசதியாகப் பெற்றோர் செல் நம்பர்.

வகுப்பெடுக்க வந்திருந்த எஸ்.ஐ. ஜெசிந்தாவை விழா தொடங்கும் முன்னே பிடித்துவிடப் பார்த்தாள் தீர்த்தா. சுகதன் குறுக்கே வந்தார்.

"மோளே, மேடத்தைத் தொந்தரவு பண்ணாதே. விளக்கு ஏத்தணும்."

விளக்கு இரண்டரைக்கு ஏறியது. வரவேற்புரை அரை மணி, தலைமையுரை முக்கால் மணி. அப்புறம் ஒன்பது பேர் வாழ்த்தினார்கள். ஒன்பது பேரும் "நேரமில்லாததால் சுருக்கமாக" என்றுதான் தொடங்கினார்கள். வாசகசாலைத் தலைவர் தாம் குவைத்தில் இருந்த காலத்தை ஆண்டு வாரியாகச் சொன்னார். வங்கித் தலைவர், பிள்ளைகள் போனைக் கையால் தொடக்கூடாது என்று முழங்கிக்கொண்டிருக்கையில் அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டுத் தொடர்ந்தார்.

ஐந்தேகாலுக்கு ஜெசிந்தா எழுந்தார். சுகதன் ஒரு சீட்டை நீட்டினார்: 'மூணு நிமிஷம்.'

"யாராவது மிரட்டினா பயப்படாதீங்க. பதில் போடாதீங்க, எதையும் அழிக்காதீங்க, உடனே யார்கிட்டயாவது..." என்று அவர் சொல்லும்போதே பொன்னாடை வந்து கழுத்தில் விழுந்தது.

தீர்த்தா மைக்குக்கு வந்தாள். சுகதன் எழுதிக் கொடுத்த தாளில் இருபத்து மூன்று பெயர்கள். நான்காவது பெயரோடு நிறுத்தினாள். தாளை மடித்தாள்.

"ஃப்ளெக்ஸ் வச்ச பதினோரு பேருக்கும் நன்றி. என் வீடு எது, அப்பா யாரு, டியூஷனுக்கு எத்தனை மணிக்குப் போறேன், எல்லாம் அதுல இருக்கு. முன்னபின்ன தெரியாத ஒருத்தன் அதை எனக்கே வாசிச்சுக் காட்டினான். இப்ப மிரட்டறான்."

பழக்க தோஷத்தில் யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"மேடம், யார்கிட்டயாவதுன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. மிச்சத்தைச் சொல்லுங்க. எனக்கு ஆறு மணிக்குள்ள தெரியணும்."

சுகதன் மைக்கைப் பிடித்தார். "நம்ம குட்டியோட இந்த அருமையான நடிப்பு..."

"சுகதேட்டா, மைக்கைக் கீழ வைங்க!" மூன்றாவது வரிசையிலிருந்து தீர்த்தாவின் அம்மா லிஜி கத்தினாள். லிஜி இதுவரை ஹாலில் பேசியதே கிடையாது. மைக் கீழே வந்தது.

கேரம் போர்டுகள் அடுக்கிய பக்கத்து அறையில் ஜெசிந்தா அவளை உட்கார வைத்தார். அம்மா கூட வந்தாள். அப்பா கதவருகே நின்றார்.

"படத்தை நான்தான் மேடம் அனுப்பினேன். தப்புதானே?"

"புடவை கட்டிப் படம் எடுத்ததா? அது தப்புன்னா உங்க ஊர்ல பாதிப் பேரை ஜீப்புல ஏத்தணும். தப்பு அவனோடது. போனைக் குடு."

தீர்த்தா அப்பாவைப் பார்த்தாள். "உங்க ஸ்டாண்ட் குரூப்புக்கு அனுப்புவானாம் அப்பா."

பிரசன்னன் தன் போனை எடுத்தார். "அனுப்பட்டும்டீ. அதுல தினம் நூறு குட்மார்னிங் வருது, ஒருத்தனும் திறக்கறதில்லை." சொல்லிவிட்டு அங்கேயே சங்கச் செயலாளரைக் கூப்பிட்டார். "புது நம்பர்லேர்ந்து என் மகள் பேர்ல ஏதாவது வந்தா யாரும் பரப்பக்கூடாது. நம்பரை மட்டும் எனக்குச் சொல்லு. என் மகள் பக்கம் நான் நிக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு."

சரியாக ஆறுக்குப் போன் சிணுங்கியது. 'டைம் முடிஞ்சுது.'

ஜெசிந்தா அதையும் படமெடுத்துக்கொண்டார். "இன்னைக்கு நேரத்தைக் கடைப்பிடிச்ச ஒரே ஆள் இவன்தான். எல்லாம் பத்திரமா இருக்கு, புகாரும் இப்பவே போடறேன். பிடிக்கக் கொஞ்சம் நாளாகும், பிடிப்போம். படம் எங்கயாவது வந்தாலும் எடுக்க வழி இருக்கு. நீ போய்ச் சாப்பிடு."

மேடையில் ஏதோ கிழியும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது ஃப்ளெக்ஸைச் சுகதனே இழுத்துக்கொண்டிருந்தார். திறப்பாளர் இல்லாமல் அன்றைக்கு நடந்த முதல் காரியம் அது.

தீர்த்தா கதவைத் திறந்தாள். வெளியே இரண்டு பெண்களும், வாலிபால் டீமின் நெட்டைப் பையன் ஒருவனும் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா சேச்சி?" என்றாள் முதலில் நின்றவள், மெதுவாக. "எனக்கும் மேடத்துகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நானும் கூட வரட்டா?" என்றாள் தீர்த்தா. அவள் தலையாட்டினாள்.

வாசகசாலைத் தலைவர் எட்டிப் பார்த்தார். "சுகதா, என்ன கூட்டம்? நானும் ரெண்டு வார்த்தை..."

சுகதன் ஓடிவந்து கதவின் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அரை வார்த்தைகூட வேண்டாம் சேட்டா. பிள்ளைங்க பேசறாங்க."