எண்பத்து நான்கில் நின்ற முள்

காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, அரை மணிக்கு ஒரு முறையாகக் காய்ச்சும் கலனின் பதிவேட்டில் ஒன்பது இடத்தில் எண்பத்து நான்கு டிகிரி என்று எழுதியிருந்தேன். வெப்பமானி முள்ளைப் பார்க்காமலே எழுதினேனாம். மேனேஜர் மெமோவை நீட்டினார். மாலைக்குள் சரியான பதில் இல்லையென்றால் வேலை இல்லை.

"நாலு மணி நேரம் காய்ச்சியும் சூடு ஏறலையா? உங்க அண்ணன் இதே கலன்ல எழுதினதப் பாருங்க."

பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார். எண்பது, எண்பத்து நான்கு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. அந்த அழகுக்குத்தான் அண்ணன் சூப்பர்வைசர் ஆனான்.

அத்தனையும் புளுகு. கலனில் இருப்பது தண்ணீரும், டொலுவீன் என்கிற கரைப்பானும். எத்தனை கலக்கினாலும் ஒட்டாதவை. அடியில் தண்ணீர் ஒரு நிலைமை, மேலே டொலுவீன் ஒரு நிலைமை, அதற்கும் மேலே ஆவி ஒரு நிலைமை. விதிப்படி, பொருள் இரண்டோடு இரண்டைக் கூட்டி, நிலைமை மூன்றைக் கழித்தால் மிச்சம் மாறுவதற்கு ஒரே ஒரு சுதந்திரம். அதையும் வெளிக்காற்றின் அழுத்தம் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு திரவமும் இருக்கும்வரை கொதிக்கும் சூடு நகராது. அண்ணன் படித்து முடித்து எனக்குத் தந்த புத்தகத்தில் இந்த விதிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டதே அவன்தான்.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். நானே கேட்டேன்.

"கலன்ல எத்தன நிலைமை, சொல்லுண்ணே."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ரெண்டு."

ஆவியை அப்படியே விழுங்கிவிட்டான். நிலைமை இரண்டென்றால் சூடு ஏற இடமுண்டு, அவன் எழுதியதும் தப்பிக்கும். மேனேஜர் போன் பேசத் திரும்பியதும் கிசுகிசுத்தான். "வீட்டு நிலைமைய நெனச்சுப் பாரும்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துடு."

"வீட்டு நிலைமைய நல்லா எண்ணுற. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, அவள எண்ணினியா?"

மேனேஜரைக் கையோடு கூட்டிப்போய்க் கலன் முன்னால் நிறுத்தினேன். கலனைச் சூடாக்கும் நீராவி வால்வை முழுசாகத் திறந்தேன். பார்வைக் கண்ணாடிக்குள் இரண்டு திரவமும் கொந்தளித்தன. ஆவி குளிர்ந்து வரும் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது கொட்டத் தொடங்கியது. முள் மட்டும் எண்பத்து நான்கிலேயே நின்றது. அரை மணி நேரம் நின்றோம். அண்ணன் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தான்.

மேனேஜர் என் கையிலிருந்த மெமோவை வாங்கிக் கிழித்தார். பிறகு அந்தப் பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அதற்கு அண்ணனையே அனுப்பினார்.