பத்தொன்பது பேணி மணலை

கொக்கிளாய்க் களப்பில் இளையதம்பி பத்தொன்பது வருடம் கண்டதற்கு விலை, தகரப் பேணி ஒன்றுக்கு இரண்டு ரூபாய். பல்கலைக்கழகத்துக்காக விலை பேசிய கம்பஸ் ஐயா கனகலிங்கம் முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, விற்கவேண்டியவர் வெள்ளை போர்த்திக் கிடந்தார். மகள் விமலேஸ்வரி அவருடைய கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மேலே குளக்கட்டை உயர்த்தி ஆற்றுத் தண்ணீரை மறித்த பிறகுதான் களப்பு உப்பேறியது என்பார் அப்பா. "வலை வீசத் தெரியாதவனுக்குத் தண்ணியிலை பிழை" என்று மீனவர் சங்கத்தில் சிரிப்பார்கள். மீன் மெலிவதையாவது காட்டுவோமென்று, அறுபத்துமூன்றாம் ஆண்டிலிருந்து மணலை மீனின் முதுகெலும்புகளைக் காயவைத்து, வருடத்துக்கொரு பேணியாக, அடுப்புக்கு மேலே குசினிச் சுவரில் வரிசையாக அடுக்கினார். எலும்பிலுள்ள ஒட்சிசனின் சமதானிகளை, அதாவது எடை வேறுபட்ட அணுக்களை, பொன் தராசும் வெட்கப்படும் நுட்பத்தில் அளந்தால் மீன் நீந்திய தண்ணீரின் உப்புத் தெரியும், மாறிய வருடத்தையும் பிடிக்கலாம் என்று கனகலிங்கம் சொன்ன அன்று, அப்பா சும்மா கொடுக்கவும் தயாராயிருந்தார்.

பேணிகளில் வருடம் எழுதட்டுமா என்று விமலேஸ்வரி அப்போது அப்பாவிடம் கேட்டாள்.

"வரிசை குலையாட்டிச் சரி பிள்ளை. நான் இருக்கிறன்தானே."

இன்று காலை அவர் கடைசியாகச் சொன்னதும் பேணிகளைப் பற்றித்தான்: "ஐயாட்டைக் குடுத்திடு."

அவள் குசினிக்குள் போனாள். சுவர் வெறுமையாயிருந்தது. அப்பாவின் தங்கை சிவலட்சுமி ஈரக்கையோடு நின்றாள்.

"பிரேதம் கிடக்கிற வீட்டுக்குள்ளை மீன், மச்சம் வைக்கலாமே பிள்ளை? எல்லாம் வெளியிலை எடுத்திட்டன்."

"எறிஞ்சிட்டியளே மாமி?"

"விசர்க் கதை! அண்ணை பாத்துப் பாத்துச் சேர்த்தது. கிணத்தடியிலை வடிவாக் கழுவி ஒரே சாக்கிலை கட்டியிருக்கிறன். பேணியள்தான், வந்த சனம் வெத்திலை துப்ப எடுத்திட்டுது."

கனகலிங்கம் வேலியோரம் குந்திச் சாக்கை அவிழ்த்தார்.

"ஒண்டும் குறையேல்லை ஐயா" என்றாள் விமலேஸ்வரி.

"ஓம் தங்கச்சி. ஒண்டும் குறையேல்லை." பிறகு மெல்ல, "எது எந்த வருசம்?"

"அப்பாவுக்குத்தான் தெரியும்."

பறை தொடங்கியது. பந்தலில் சங்கத்துச் செல்வராசா சொல்வது கேட்டது: "நல்ல மனுசன். உந்தத் தண்ணிக் கதைதான் ஒரு மாதிரி." துப்பினார்.

"உப்பு எண்டு ஆய்வுகூடத்திலை சொல்லுவாங்கள்" என்றார் கனகலிங்கம். "எப்பவிருந்து எண்டு சொல்லேலாது."

என்றாலும் வந்தவர் வெறுங்கையோடு எழும்பவில்லை. பிரேதம் வேலிப் படலை தாண்டும்வரை ஒவ்வொன்றாக எண்ணி, பற்றுச்சீட்டு எழுதினார்.

மணலை முதுகெலும்பு: அறுநூற்று எட்டு.
இடம்: கொக்கிளாய்க் களப்பு.
ஆண்டு:

அதில் பேனை கொஞ்சம் நின்றது. ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்து வைத்தார்.