சந்தானத்தின் வலக்கை

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. பிறவியிலேயே காது கேளாத, கைகளால் மட்டுமே பேசிய சந்தானம், உயிர் பிரியும்வரை மருத்துவமனைக் கட்டிலில் கைகள் கட்டப்பட்டுக் கிடந்தார். இதுவே குற்றச்சாட்டு.

மர்பி டவுன் வீட்டில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா, இன்னொரு துணிக்கீற்றோடு கைகளை நெருங்கினார். மகள் ஷோபா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கை வேணாம் மாமா."

"தூக்கும்போது தொங்கிடும்மா. கட்டுறதுதான் முறை."

"ரெண்டு நாளா கட்டித்தானே வெச்சிருந்தாங்க?"

அத்தை ஜெயலட்சுமி மூக்கைச் சிந்தினாள். "கை, கைன்னே என் தம்பிய வாரிக் குடுத்துட்டீங்க. அன்னிக்கே முழுசா எடுக்க விட்டிருந்தா இருந்திருப்பான்."

ஈராண்டுக்கு முன் நடந்த மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சையின்போது, அப்பாவின் கைப்பேச்சைப் படித்துச் சொல்ல, ஷோபாவுக்கும் பச்சை அங்கி அணிவித்து உள்ளே அழைத்திருந்தார்கள். மண்டை திறந்திருக்க, அப்பா விழித்தபடியே வலக்கையால் அவளோடு பேசினார்: சாயங்காலம் மீன் வாங்கு, புளியைக் குறைத்து ஊற்று. மருத்துவர் மூளையின் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியதும் 'புளி' என்ற சைகை பாதியில் நின்றது. நிறுத்தியதும் விரல்கள் விட்ட சொல்லைத் தொடர்ந்தன.

"இங்கயும் கட்டி இருக்கும்மா. எடுத்தா கை போயிடும். தொடமாட்டேன்" என்றார் மருத்துவர். அப்பா முன்பே கேட்டுக்கொண்டதும் அதுவே. விட்ட இடத்திலிருந்துதான் கட்டி மறுபடி வளர்ந்தது.

இந்தச் சனிக்கிழமை, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடும் கட்டிய கைகளோடும் கிடந்தவரின் விரல்கள் அவளைக் கண்டதும் துடித்தன.

"கொஞ்சம் அவுத்து விடுங்க சிஸ்டர். அப்பா பேசறாரு."

"வாயில ட்யூப் இருக்கு, எப்படிம்மா பேசுவாரு?" என்றாள் செவிலி மௌரீன். "அவுத்தா இழுத்துப் போட்டுடுவாரு. டைம் ஆச்சு, கெளம்பு."

கட்டிலோடு பிணைந்து, மார்புவரை உயராத அந்தக் கையை ஷோபாவால் படிக்க முடியவில்லை. திங்கள் விடியலில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது.

"கட்டலன்னா சனம் என்னடி சொல்லும்?" என்றாள் அத்தை, உடலருகே நின்று.

"நான் புடிச்சிக்கிறேன்."

தெருமுனையில் நின்ற வண்டிவரை பாடையோடு ஒட்டியே நடந்தாள். மணிக்கட்டில் கட்டின் தடம் கன்றியிருந்தது. வலக்கை விரல்கள் பாதி மடங்கி விறைத்திருந்தன. கிருஷ்ணப்பா கதவைச் சாத்த வரும்வரை, அவள் அவற்றை விரிக்கவுமில்லை, மடக்கவுமில்லை.

இதைப் படிப்பவரே, நாளை உங்கள் கண்ணெதிரே ஒரு நோயாளியின் கையை எவரேனும் கட்ட வந்தால், தடுத்து நிறுத்துங்கள். முதலில் கேளுங்கள்: இவர் எதனால் பேசுகிறார்?