அரிசி டிரம்மில் யானைக்காசு

எதிர்வீட்டில் போர் போட வண்டி வந்து நின்றிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து அது பூமியைக் குடைகிற குடைச்சலில், பெருமாள்புரத்தின் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஜன்னல், கதவு, காயப்போட்ட துணி எல்லாம் வெள்ளைப் புழுதி. அப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள்.

"கொரியர்" என்று ஒருவன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினான். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட், கையில் உறை. பிரம்மநாயகி கிரில் கதவின் பூட்டைத் திறந்ததுதான் தாமதம், தடியாக இருந்தவன் அவள் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளு. அறுபது வயதுக்காரி என்றுகூடப் பார்க்கவில்லை பாவி. பின்மண்டை சுவரில் இடிக்க, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த ஒல்லியானவன் நிதானமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அவள் வீட்டுக்காரர் சிவசண்முகம் கூடத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார் அந்த மனிதர்? பத்திர ஆபீஸில் வேலை பார்த்தபோதும் அதுதான், ஓய்வு பெற்ற பிறகும் அதுதான். தாமிரபரணியில் வெள்ளம் வடிந்தால் போதும், குறுக்குத்துறையில் மணல் சலித்துக் காசு தேடுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். யானையும் மீனும் பொறித்த பழைய பாண்டியர் செப்புக்காசு மட்டும் இருநூறுக்கு மேல் சேர்த்திருந்தார். அதில் சிலது வேறு யாரிடமும் கிடையாது என்று மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வடித்துக் கொட்டியது யார்? பிரம்மநாயகிதான்.

போன மாதம் ஒரு யூடியூப்காரன் வந்து படம் பிடித்தபோதே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் காட்டாதீங்க. கள்ளனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி ஆயிரும்."

"நீ சும்மா கெட ஏட்டி. பீரோவுல இருக்கது எல்லாம் சாதாக் காசு. நல்லது எங்க இருக்குன்னு உனக்கும் எனக்கும் தவிர எவனுக்குத் தெரியும்?"

நல்லது இருந்தது அடுக்களையில், அரிசி டிரம்முக்குள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், காசுக்கு அதுதான் நல்லதாம். தினமும் உலைக்கு அரிசி அள்ளும்போது அந்தப் பிளாஸ்டிக் டப்பா அவள் கையில் இடிக்கும். சனியன் என்று ஒதுக்கிவிட்டு அள்ளுவாள்.

தடியன் சிவசண்முகத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே போட்டான். "எங்கவே யானைக்காசு?"

அவர் பீரோ சாவியை நீட்டினார். ஒல்லியானவன் பீரோவைத் திறந்து ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். தலையை இல்லை என்று ஆட்டினான். வந்ததிலிருந்து அவன் வாயைத் திறக்கவே இல்லை. அவ்வளவுதான், தடியன் பூட்ஸ் காலால் சிவசண்முகத்தின் விலாவில் எத்த ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது எத்து வாயில் விழுந்து உதடு கிழிந்து பனியனெல்லாம் ரத்தம்.

"எல்லாம் பீரோவுலதான் இருக்கு. சத்தியமா வேற இல்ல" என்றார் அவர்.

அப்போதுதான் பிரம்மநாயகி அதைப் பார்த்தாள். சிவசண்முகத்தின் கையிலிருந்து தவறிய காசு தரையில் உருண்டு கிடந்தது. ஒல்லியானவன் குனிந்து அதை எடுத்தான். அள்ளி எடுக்கவில்லை. இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்து, காசின் முகத்தில் விரல் படாமல் எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தான். களவாட வந்த இடத்தில், கையில் உறை போட்டுக்கொண்டு, அத்தனை அவசரத்திலும் அப்படி. கள்ளன் எவனாவது காசை அப்படி எடுப்பானா? நாற்பது வருஷமாக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த அத்தனை காசுப் பைத்தியங்களும் அப்படித்தான் எடுப்பார்கள். இவன் காசுக்காரன். தெரிந்த குரல் என்பதால்தான் பேசவில்லை. இந்த வீட்டில் கைநனைத்தவன்.

கண்டுகொண்டதாகக் காட்டினால் உயிரோடு விடமாட்டான்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கெழவனுக்கு வலி பத்தல" என்றான் தடியன். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தான். பிறகு பிரம்மநாயகியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, அவள் இடது கையை மேசை மேல் வைத்து அழுத்தினான். "இங்கன பாரும்வே. இது உம்ம பொண்டாட்டி விரலு."

சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். எலும்பு முறிந்தது. அவள் அலறிய அலறலை எதிர்வீட்டு வண்டி விழுங்கிவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. அந்த வலியிலும் அவள் பார்த்தது கணவனின் முகத்தைத்தான்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரிசி என்று சொன்னால் போதும். ஏன், அவளே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அவர் சொல்லட்டும். இந்தக் காசைவிட நான் பெரிசு என்று நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்த வாயால் வரட்டும். இன்றைக்கு வராவிட்டால் இனி என்றைக்கு வரப் போகிறது?

"ஏங்க" என்றாள். "ஏங்க, சொல்லுங்களேன்."

சிவசண்முகம் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மோதிரவிரல் முறிந்தது. இந்தத் தடவை அவளுக்குக் கத்தக்கூட சீவனில்லை. மேசையோரத்தில் வாந்தி எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்கழி வெள்ளத்தில், அப்போது குடியிருந்த சிந்துபூந்துறை வீடு இடுப்பளவு மூழ்கியபோது, இவர் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவள் தன்னந்தனியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். அதை வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரித்துக்கொண்டு குழம்பு ஊற்றுவாள்.

தடியன் வெற்றிலைத் தாம்பாளத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து அவளுடைய நடுவிரலை அதன் வாய்க்குள் நுழைத்தான். "இது ஒடியாது. துண்டாப் போயிரும். சொல்லும்வே."

அவர் திரும்பவே இல்லை.

"நான் எடுத்துத் தாரேன்" என்றாள் பிரம்மநாயகி. "அவர விட்டுருங்க. நான் எடுத்துத் தாரேன்."

தடியன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவிச் சிவசண்முகத்தின் கழுத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். ஒல்லியானவன் அவள் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தான். அவள் டிரம்மின் மூடியைத் தள்ளி, நல்ல கையை முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டு டப்பாவை வெளியே எடுத்தாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். குழந்தையை வாங்குகிறவன் மாதிரி நீட்டினான், எடுபட்ட பயல்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. கல்யாணமான புதிதில், அழுக்காக இருக்கிறதே என்று ஒரு யானைக்காசைப் புளி போட்டு விளக்கி வைத்துவிட்டாள். அதற்கு இவர் மூன்று நாள் சோறு தின்னவில்லை, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரெண்டாயிரம் வருசமா மண்ணுல கெடந்து படிஞ்ச களிம்புட்டி அது. அதுதான் காசுக்கு உயிரு. அது போச்சுன்னா அது வெறும் செம்பு." அன்றைக்கு வாங்கிய ஏச்சு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது.

அவள் டப்பாவைக் கொடுக்கவில்லை. இரண்டு எட்டில் பின்கட்டு அங்கணத்துக்குப் போய், கழுவக் கிடந்த எவர்சில்வர் சட்டிக்குள் காசுகளைக் கவிழ்த்தாள். சுவரோரம் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில் இருந்தது. அதை அக்குளில் இடுக்கி மூடியைத் திருகி எறிந்துவிட்டு, சட்டிக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

"கிட்ட வந்தே, ஊத்திருவேன். அந்தத் தடியன அரிவாளப் போட்டுட்டு வெளிய போகச் சொல்லு."

ஒல்லியானவன் விறைத்து நின்றான். அப்புறம் அவன் வாய் தானாகத் திறந்தது. "மதினி! ஊத்திராதிய மதினி! அது போச்சுன்னா திரும்பக் கெடைக்காது!"

கணேஷ்ராம். பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவன். அண்ணாச்சி அண்ணாச்சி என்று சிவசண்முகத்தின் காலைச் சுற்றியவன். அவள் கையால் மூன்று தடவை சொதிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மதினி என்று கேட்டவன்.

"தின்ன சோத்துக்கு நல்லா செஞ்சே லே" என்றாள். "போகச் சொல்லு அவன."

கூடத்திலிருந்து சிவசண்முகத்தின் குரல் வந்தது. கழுத்தில் அரிவாள் இருந்ததே, அதையும் மீறி, தொண்டை கிழிய வந்தது. "ஏட்டி, ஊத்தாத! அவன் கொண்டு போனாப் போகட்டும்! ஊத்திராதட்டி!"

இரண்டு விரல் முறிகிறவரைக்கும் சுவரைப் பார்த்திருந்த மனிதர். பெண்டாட்டிக்குத் திறக்காத வாய். பிரம்மநாயகிக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்துபோனது. போங்கடா நீங்களும் உங்கள் காசும் என்று பாட்டிலைச் சாய்த்துவிட்டாள்.

சட்டி புகைந்து நுரைத்தது. பச்சையாகப் பொங்கியது. கணேஷ்ராம் "அய்யோ" என்று பாய்ந்தான், அவள் மேல் அல்ல, சட்டி மேல். மெல்லிய ரப்பர் உறை போட்ட இரண்டு கையையும் ஆசிட்டுக்குள் விட்டுக் காசுகளை அள்ளினான். உறை தாண்டிச் சட்டைக் கை நனைந்து அவன் துள்ளத் துள்ள, அவள் அம்மிக்குழவியை ஒற்றைக் கையால் தூக்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். மளுக்கென்றது. மறுபடியும் தூக்கி இன்னொரு போடு. "தின்னே இல்ல? என் சோத்தத் தின்னே இல்ல?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவன் தரையில் சுருண்டு கிடந்து வீறிட்டான்.

சத்தம் கேட்டுத் தடியன் அரிவாளோடு ஓடி வந்தான். முதல் வீச்சு அவள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவதற்கு அவன் கை ஓங்கியபோது, பாட்டிலில் மிச்சமிருந்ததை அவன் முகத்தில் வீசினாள். கண்ணாடியை அவனே தூக்கி விட்டிருந்தானே. அரிவாளைப் போட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மோதி, கதவில் மோதி, தாழ்ப்பாளைத் தட்டுத்தடுமாறித் திறந்து தெருவுக்கு ஓடினான். போர் வண்டிக்கு முன்னால் போய் விழுந்தான். வண்டி நின்றது. தெருவே திடீரென்று ஓய்ந்துபோனது.

போர் வேலை பார்க்கிற ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே ஓடி வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாரிக்கண்ணு, ஐம்பது வயதுக்காரர். கணேஷ்ராமை அடுக்களைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தடியனுக்கு வெளியே ஒருவன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இன்னொருவன் போலீஸுக்குப் போன் போட்டான்.

பிரம்மநாயகி அங்கணத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தோளிலிருந்து வழிந்த ரத்தம் சேலையை நனைத்து மடியில் இறங்கியது. கூடத்திலிருந்து சிவசண்முகம் தவழ்ந்து வந்தார். விலா வலியில் எழுந்து நிற்க முடியவில்லை போலிருக்கிறது. அவர் கண்ணெல்லாம் தண்ணீர். பாவம், வருகிறாரே என்று இருந்தது அவளுக்கு. இத்தனைக்கும் பிறகு, இத்தனைக்கும் பிறகும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வீங்கிய கையை அவரைப் பார்த்து நீட்டினாள்.

அவர் அந்தக் கையைத் தாண்டிப் போனார். குழாயைத் திறந்து சட்டியை அதன் கீழே இழுத்தார். பச்சைத் தண்ணீர் வழிந்தோட, அடியில் காசுகள் நேற்று வார்த்த குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கிடந்தன. யானையும் இல்லை, மீனும் இல்லை, பாதிக்கு மேல் வழுவழுப்பு. "போச்சே, எல்லாம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஏட்டி, ஆசிட்ட முறிக்கணும், ஆப்பசோடா எங்க வச்சிருக்க?"

அவள் நீட்டிய கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

தூணில் கட்டிக் கிடந்த கணேஷ்ராம் முனகினான். "முதல்ல தண்ணி நல்லா ஓடட்டும் அண்ணாச்சி. சோடா பெறவு போடலாம்."

"ஆமா ஆமா" என்றார் சிவசண்முகம். "அதுவும் சரிதான்." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

பிரம்மநாயகி சுவரைப் பிடித்து எழுந்தாள். மாரிக்கண்ணு தன் துண்டை அவள் தோளில் இறுக்கிக் கட்டி, கையைத் தாங்கிப் பைய வாசலுக்குக் கூட்டி வந்தார். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

"ஐயாவையும் தூக்கிட்டு வரவா தாயி? அவருக்கும் நல்ல அடிபோல இருக்கே. ஒரே ஆட்டோல ஏத்திருவோம்."

"வேண்டாம்ப்பா. அவருக்கு உள்ள வேலை கெடக்கு" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. விரலுக்காக இல்லை, தோளுக்காகவும் இல்லை. அந்தக் கையை நீட்டினாளே, அதற்காக அழுதாள். ஆட்டோ திருப்பத்தில் திரும்பிய பிறகு டிரைவரிடம் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில கட்டுப் போட்டதும் களக்காட்டுக்கு விடுவியாப்பா? என் மக வீடு அங்கதான் இருக்கு."

"சாயங்காலம் திரும்பணும்லாம்மா? வெயிட்டிங் போடவா?"

"இல்ல. நான் திரும்பல" என்றாள்.