வீட்டுக் கூவல்

ஐப்பசி மாதத்தில் என் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு மாணவிதான் வருவாள். அவள் என் மகள் கோமளா.

மற்ற பதினேழு பேரும் சாமைக் கொல்லையில் இருந்தார்கள். ஜவ்வாது மலையில் கதிர் பழுக்கும் மூன்று வாரமும் கிளி விரட்டுவது பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் கீழ்க் கொல்லைகளில் இருப்பார்கள். மேல் கொல்லைப் பரணில் பிள்ளைகள் மட்டும். அந்த நாட்களுக்கு வருகைப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று கேட்டு, வந்த முதல் வருடம் மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

கோமளா முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதினாள். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. நான் சொன்னதை எல்லாம் எழுதினாள். சொல்லாததை எழுதவில்லை. பத்து மணிக்குள் பாடம் முடிந்துவிட்டது. பிறகு நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் பாஞ்சாலை வருவாள். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளின் மகள். பத்து வயது. அந்த வருடம் பரணுக்கு அவள்தான் தலைவி. கழுத்தில் கவண் தொங்கும்.

"சார், கோமளா வர்றாளா?"

"இல்லை."

"சரிங்க சார்."

நான்கு நாள் இதே கேள்வி, இதே பதில். அவள் கெஞ்சவில்லை. மறுநாள் திரும்ப வந்தாள், அவ்வளவுதான்.

பரண் ஒன்றரை மைல் தள்ளி, மேட்டில் இருந்தது. போக இரண்டு வழி. பாறை வழி குறுக்கு, செங்குத்து. ஓடை வழி சுற்று. சின்னப் பிள்ளைகள் பாறை வழியில் போகக் கூடாது என்பது பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டம். மலையில் என்னென்ன நேரக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஓடைத் தண்ணீர், கரடி, பரண் ஏணி, கவண் கல் என்று பன்னிரண்டு வந்தது. தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன்.

என் மனைவி பூங்கோதை இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

பங்குனியில் எனக்குச் செங்கத்தில் ஆசிரியர் கூட்டம். அவளுக்கு முதல் நாளே காய்ச்சல். போய்விட்டு வாருங்கள் என்றாள். போனேன். மறுநாள் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. செல்லியம்மாளின் கணவர் கோவிந்தனும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆட்டுத் தடத்தில் இறங்கினார்கள். அதே நேரத்தில் நான் வண்டித் தடத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டு தடத்துக்கும் நடுவில் ஒரு குன்று. நான் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அடுப்பில் தீ இருந்தது. யாரும் இல்லை. திரும்ப இறங்கி நான் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. சத்தமாகவும் பேசவில்லை. கோமளாவை என் பார்வையை விட்டு விலக விடவில்லை.

ஐந்தாம் நாள் அவள் பள்ளிக்கூடத்து மூலையில் அஞ்சாங்கல் ஆடினாள். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து இன்னொரு ஆட்டம் ஆடினாள். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

"கல்லு கீழ வியுந்துச்சு. நீ அவுட்டு."

இடம் மாறினாள். குரலும் மாறியது.

"வியல. நீ ஏமாத்துற. போ, உன்னோட நான் சேர்த்தி இல்ல."

பிறகு இரண்டு பக்கமும் யாரும் ஆடவில்லை. கற்கள் தரையில் கிடந்தன. சேர்த்தி இல்லை என்று சொன்னவள் எங்கே போவாள்? அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் செல்லியம்மாளிடம் போனேன். அவள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கோமளாவை அனுப்பலாம் என்று இருக்கிறேன்."

முறம் நின்றது. "நெசமாவா? மழ வரப்போவுது இன்னிக்கு."

"மேலே ஏதாவது ஆகிவிட்டால் கீழே எப்படித் தெரியும்?"

"கூவல்தாங்க வாத்தியாரே. இத்தன வருசமா காதுல வியலியா? மேல போய்ச் சேர்ந்ததும் ஒரு கூவல். வூட்லேர்ந்து பதில் கூவணும். வரலன்னா கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. மூணு கூவலுக்கும் பதில் இல்லன்னா புள்ள எறங்கி வூட்டுக்கு வந்துடணும். வூட்ல இன்னாவோ ஏதோன்னு அர்த்தம். உச்சிப் பொழுதுல ஒருவாட்டி, எறங்கறப்ப ஒருவாட்டி. அவ்ளோதான்."

"யார் கூவல் என்று எப்படித் தெரியும்?"

"வூட்டுக்கு வூடு வேற இல்ல? எங்க வூட்டுது நீட்டமாப் போய்க் கடைசில ஒடியும். உங்க வூட்டுது..." நிறுத்தினாள். முறத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இரண்டு குட்டை, ஒன்று நீளம். மதியம் சோறு ஆனதும் பூங்கோதை வீட்டு வாசலில் நின்று பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கூவுவாள். செங்கத்துக்காரி மலைப் பழக்கத்தை எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் பெருமை. எனக்குக் கூச்சம். பிள்ளைகள் சிரிப்பார்கள். "சார், சோறு!" என்பான் ஒருவன்.

"நீங்கள் எனக்காகக் கூவ முடியுமா?" என்று கேட்டேன்.

"நான் கூவுனா அது எம்புள்ளைக்கு. உங்க புள்ளைக்கு நீங்கதான் கூவணும். ஆம்பளைங்க கூவக் கூடாதுன்னு எவனும் சொல்லல. எங்க வூட்டு ஆளு எருமையாட்டம் கூவும்."

உள்ளேயிருந்து கோவிந்தன், "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என்னால் முடியாது என்று தெரிந்தது. அதைவிட நல்ல வழி இருப்பதாகவும் பட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதுதான் மணி. அடித்தால் பரணுக்கும் கேட்கும். கூவலை விடத் தெளிவாகக் கேட்கும்.

"நீ கூவியதும் நான் மணி அடிப்பேன்," என்று கோமளாவிடம் சொன்னேன். "ஒவ்வொரு கூவலுக்கும் மூன்று அடி. சரியா?"

அவள் என் வாயைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

காலையில் பாஞ்சாலை வந்தாள்.

"சார், கோமளா வர்றாளா?"

"வருகிறாள்."

பாஞ்சாலை ஒரு நொடி நம்பவில்லை. பிறகு கோமளாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோமளா திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

ஏழே முக்கால் இருக்கும். வேப்பமரத்தடியில் இரும்புக் கம்பியோடு நின்றேன். மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கூவல்கள் வந்தன. கீழ்க் கொல்லைகளிலிருந்து பதில்கள் போயின. களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் குனிந்தபடியே கூவினார்கள். கடைசியாக ஒரு மெல்லிய குரல். இரண்டு குட்டை, ஒன்று நீளம்.

மணி அடித்தேன். மூன்று அடி.

கொஞ்ச நேரம் கழித்து அதே கூவல். கேட்கவில்லையோ என்று பலமாக அடித்தேன். மூன்றாவது முறையும் வந்தது. கை வலிக்க அடித்தேன். பிறகு சத்தம் இல்லை. கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்ததுபோல் இருந்தது.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வாசலில் செல்லியம்மாளின் குரல்.

"இன்னா வாத்தியாரே, புள்ள கூவுது, நீங்க பாட்டுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறீங்க?"

"பதில்தான் கொடுத்தேன். மணி அடித்தேனே!"

"மணியா?" இடுப்பில் கை வைத்தாள். "மணிய யாரு வேணா அடிப்பான். அதுக்குக் கொரல் கீதா? வூட்ல நீங்க கீறீங்கன்னு புள்ளைக்கு எப்படித் தெரியும்? மூணு கூவலும் போச்சு. இந்நேரம் எறங்கிட்டு இருக்கும்."

நான் வாசலைத் தாண்டியிருந்தேன். மேலே பார்த்தேன். மேட்டைக் காணவில்லை. மேல் கொல்லை முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. பனிமூட்டம் ஓடைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"போவாதீங்க! இங்கயே நின்னு ஒரு கூவு கூவுங்க!" என்று செல்லியம்மாள் பின்னால் கத்தினாள்.

நான் நிற்கவில்லை. கோமளா கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று பாறை வழியில் ஏறினேன். செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்தேன். பாதி ஏறும்போது என்னைச் சுற்றிலும் வெள்ளை. என் கை தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. மடித்து வைத்த தாளில் இருந்த பன்னிரண்டும் வரிசையாக வந்தன. ஓடைத் தண்ணீர் முதலில் இருந்தது. நினைப்பு அங்கேயே நின்றது.

பரண் திடீரென்று தலைக்கு மேல் தெரிந்தது. கீழே மூன்று கல் வைத்த அடுப்பு. சுற்றி ஆறேழு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், வகுப்பில் நிற்பதுபோல.

"கோமளா எங்கே?"

"எறங்கிட்டா சார்," என்றாள் பாஞ்சாலை. "மூணு கூவலுக்கும் வூட்லேர்ந்து வரல."

"மணி கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு சார். அது கணக்கு இல்ல. மணி இவன்கூட அடிப்பான்." பக்கத்தில் நின்ற அர்ச்சுனனைக் காட்டினாள். மூன்றாம் வகுப்பு. அவன் ஆமாம் என்று தலையாட்டினான். "அவகிட்ட சொன்னோம். சரின்னுட்டா. கூட வர்றேன்னேன். சட்டம்னா தனியாதான் எறங்கணும்னு போய்ட்டா."

"ஓடை வழியிலா?"

"ஆமா சார். அப்ப மூட்டம் இல்ல."

ஓடைப் பக்கம் திரும்பினேன். பாஞ்சாலை என் குறுக்கே வந்து நின்றாள். பத்து வயதுப் பெண். என் நெஞ்சு உயரம்.

"நீங்க இங்க வந்துட்டீங்களே, வூட்ல யாரு சார் கீறாங்க?"

அப்போதுதான் உறைத்தது. அவள் ஓடையைத் தாண்டிவிடுவாள். தாண்டி வீட்டுக்குப் போவாள். கதவு திறந்திருக்கும். அடுப்பில் தீ இருக்கும். உலை கொதித்துக்கொண்டிருக்கும். யாரும் இருக்க மாட்டார்கள்.

 ஓடைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன்.

"ஓடாதீங்க சார்," என்றாள் பாஞ்சாலை. "மூட்டத்துல தடம் மாறிடுவீங்க. ஏணில ஏறி நின்னு கூவுங்க. கேட்டா நின்னுக்குவா."

ஏணியில் ஏறினேன். நான்கு படி. கையைக் குவித்து வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அர்ச்சுனன் சிரித்துவிட்டான். ஒருத்தி அவன் முதுகில் குத்தினாள்.

"தொண்டையில இல்ல சார். வயித்துலேர்ந்து எடுங்க."

மறுபடி. ஒரு கரகரப்பு. அது கூவல் இல்லை, இருமல். கீழே வெள்ளைக்குள் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் வேறு ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்தேன். இல்லை. இருந்துவிடக் கூடாதே என்றும் பயந்தேன்.

கண்ணை மூடினேன். பள்ளிக்கூட ஜன்னல் வழியாகத் தினமும் மதியம் கேட்ட அந்தக் குரலை நினைத்தேன். இரண்டு குட்டை. எங்கே மூச்சு விடுவாள்? இரண்டாவதுக்குப் பிறகு. அதன் பிறகுதான் நீளம். அந்த இடத்தில் மூச்சை இழுத்தேன்.

வந்தது. பாதியில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து தொடர்ந்து கூவினேன். மூச்சு தீரும்வரை கூவினேன். மூட்டத்துக்குள் அது போவது எனக்கே கேட்டது.

 அடுப்பில் ஒரு சுள்ளி வெடித்தது.

பிறகு கீழேயிருந்து, ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா தெரியவில்லை, இரண்டு குட்டை, ஒன்று நீளம்.

"நின்னுட்டா," என்றாள் பாஞ்சாலை.

இறங்க முயன்றேன். "அங்கயே நில்லுங்க சார். அவ கொரலப் புடிச்சுக்கிட்டு வருவா. விட்டு விட்டுக் கூவுங்க." நின்றேன். கூவினேன். ஒவ்வொரு பதிலும் முந்தைய பதிலை விடக் கொஞ்சம் கிட்டே இருந்தது. ஒருமுறை பதில் வரத் தாமதமானது. நான் எண்ணினேன். முப்பத்தொன்றில் வந்தது.

மூட்டத்திலிருந்து முதலில் அவளுடைய பாவாடைதான் தெரிந்தது. முழங்கால் வரை ஈரம். கையில் ஒரு குச்சி. என்னை ஏணியில் பார்த்ததும் நின்றாள்.

"நீ இங்க இன்னா பண்ற? வூட்ல இல்ல இருக்கணும்?"

என் மகள் என்னோடு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஓடையைத் தாண்டிவிட்டாயா?"

"தாண்டல. கல்லு மேல நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பதான் கேட்டுச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா மாதிரி இல்ல. ஆனா நம்ம வூட்டுதுதான்."

அவளைத் தூக்க வேண்டும்போல் இருந்தது. கை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் போனாள்.

"போப்பா. பெரியவங்க இங்க இருக்கக் கூடாது."

"ஆமா சார்," என்றாள் பாஞ்சாலை மரியாதையாக. "கூழு காச்சப் போறோம். பெரியவங்க பாத்தா மொதல்லேர்ந்து காச்சணும்."

அடுப்பைப் பார்த்தேன். மூன்று கல். எரியும் சுள்ளி. பக்கத்திலேயே காய்ந்த சாமைத் தட்டை. நெருப்பை என் தாளில் எழுதவே இல்லை. பதிமூன்றாவது. வாய் வரை வந்தது. கோமளா ஏற்கனவே அடுப்புப் பக்கம் குந்தியிருந்தாள். பக்கத்துப் பெண் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"உச்சிப் பொழுதுக்குக் கூவுவேன்," என்றாள், என்னைப் பார்க்காமல். "நீ வூட்ல இரு."

பாறை வழியில் இறங்கினேன். இரண்டு இடத்தில் நின்று மேலே காது கொடுத்தேன். கிளியை விரட்டும் சத்தம், சிரிப்பு. அவள் சிரிப்பு அதில் இருந்ததா என்று தெரியவில்லை. செருப்பில் ஒன்றுதான் கிடைத்தது.

செல்லியம்மாள் கொல்லையில் குனிந்திருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அது நீங்களா வாத்தியாரே? யாரோ ஆட்டுக்குட்டிய மிதிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான்தான்."

"போவப் போவ வரும்," என்றாள்.

வீட்டில் உலை வற்றி அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி பற்ற வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. உள்ளே இருந்தால் கேட்காமல் போகலாம். பூங்கோதை நின்று கூவும் வாசலுக்கு வந்து மேட்டைப் பார்த்து நின்றேன். மூட்டம் இன்னும் விலகவில்லை. வாய் உலர்ந்திருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டேன்.