சந்தனம் பூசிய துத்தநாகம்

கோகிலவாணியின் ஆய்வகத்தில் துத்தநாகத் தகடுகள் சம்மதித்தால்தான் அவற்றை மின்கலத்தின் தண்ணீருக்குள் இறக்க முடியும். வெறும் உடம்போடு இறங்கினால் மேலெல்லாம் முள் முளைத்துவிடும் என்று அவற்றுக்குத் தெரியும். அதனால் பூச்சு கேட்கும். பூச்சு பிடித்தால் இறங்கும். பிடிக்காவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்லும்.

அவளுடைய பாலிமர் பூச்சுக்குக் கடைசியில் ஒரு தகடு ஒப்புக்கொண்டது. தேர்வாளர் கண்ணெதிரே இறங்குவதாக வாக்குக் கொடுத்தது. முள்ளில்லாமல் வெளியே வந்தால் கோகிலாவுக்கு முனைவர் பட்டம். அவள் வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

இடையில் ஆயுத பூஜை வந்தது. உடன் ஆய்வு செய்யும் சிவபாலன் தராசுக்கும் உலைக்கும் சந்தனப் பொட்டு வைத்தான். கிண்ணத்தில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், துடைத்து வைத்திருந்த அந்தத் தகட்டின் மேல் முழுக்கத் தடவிவிட்டான்.

தேர்வன்று தகடு பாலிமரை வேண்டாம் என்றது.

“இதுவே குளுகுளுன்னு இருக்குக்கா.”

“ஆய்வுத் தலைப்புல பாலிமர்னு போட்டிருக்கேன். கொஞ்சம் விட்டுக்கொடேன்.”

“வேணும்னா நீங்க பூசிக்குங்க.”

சிவபாலன் அவள் காதருகே குனிந்தான். “பாலிமர்னே சொல்லிடு. தேர்வாளர் சாருக்கு ஏற்கெனவே ஜலதோஷம். வாசனையா தெரியப்போவுது?”

கோகிலா எழுந்து நின்றாள்.

“சார், இது சந்தனம். பூசினதும் நான் இல்ல.”

தேர்வாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையசைத்தார். தகடு இறங்கியது. சாயங்காலம் வரை மின்னேற்றமும் இறக்கமும் மாறி மாறி நடந்தன. பிறகு அவரே தகட்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். முள் இல்லை.

“சந்தனமே போதும்னு யார் முடிவு பண்ணது?”

“நான்தான்” என்றது தகடு.

“அப்போ பட்டம் உனக்குத்தான்.” கோகிலாவின் பக்கம் திரும்பினார். “உனக்கு ஏதும் ஆட்சேபணையாம்மா?”

அவள் நியாயமாக யோசித்துப் பார்த்தாள். “இல்ல சார்.”

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, பட்டத்தத் தகட்டுக்குக் குடுத்துட்டாங்க.”

“சரி, கையோட கூட்டிட்டு வா. தெருவே காத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன சமைக்கட்டும்?”

கோகிலா தகட்டிடம் கேட்டாள்.

“புளிக்குழம்பு மட்டும் வேண்டாங்கக்கா” என்றது டாக்டர் தகடு. “புளிப்பு எனக்கு ஆகாது.”